புலியின் வயிற்றுக்குள் ஓர் ஆர்கன்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். பேச்சில் இருந்த திணறல்களை மட்டும் எடுத்துவிட்டேன்.)



தண்ணீர் டேங்கர் கணக்கும் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தமும் பேசி முடித்த களைப்பில் இருக்கிறீர்கள். "கால் மணி நேரம் ஏதாவது பேசுங்க சார், பேங்க் விஷயம் மட்டும் வேண்டாம்" என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். அதனால் ஒரு வாத்தியத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். நான் பி.காம். படித்தவன். சங்கீதம் தெரியாது. ஆனாலும் இந்த விஷயம் நாற்பது வருஷமாக என் மனதில் கிடக்கிறது. ஒரு பேங்க் கவுண்டரில்தான் அது ஆரம்பித்தது. அதற்கு மட்டும் செயலாளர் மன்னிக்க வேண்டும்.

1980களின் நடுப்பகுதி. ஆம்பூர் பக்கம் ஒரு கிளையில் நான் கிளார்க். மதியம் கவுண்டர் மூடுகிற நேரம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், துணியில் சுற்றிய பெட்டி ஒன்றைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். ஆர்மோனியம் பழுது பார்க்கிறவர் என்று முகம் தெரியும். கூத்து ஜமாக்காரர்களின் பெட்டி, பஜனை மடத்துப் பெட்டி, சர்ச் பெட்டி எல்லாம் அவருடைய சின்னக் கடைக்குத்தான் வரும்.

துணியை விலக்கினார். எட்டு மரக்குழல்கள், நெட்டையிலிருந்து குட்டை வரை வரிசையாக நின்றன. அடியில் ஒரு சின்னத் துருத்தி. முன்னால் எட்டுக் கட்டைகள்.

"பைப் ஆர்கன் சார்" என்றார்.

இடது கையால் துருத்தியை அழுத்திக்கொண்டு வலது கையால் ச ரி க ம வாசித்துக் காட்டினார். கேஷியர் கூண்டைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டார். ஒரு குழல் மட்டும் பிசிறியது. "நி மட்டும் அடம் பிடிக்குது சார். மழை ஈரத்துல மரம் ஊறிடுச்சு" என்றார்.

யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"யாரும் சொல்லித் தரல சார். மெட்ராஸ்ல ஒரு சர்ச்ல பெருசா ஒண்ணு இருந்துச்சு. கிட்டப் போய்ப் பாக்க விடல. வெளிய நின்னு கேட்டுட்டு வந்து, நானே செஞ்சு பாத்தேன்."

அவர் எதற்கு வந்தார், நான் என்ன செய்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அவர் செய்தது எப்படிப்பட்ட வேலை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். எனக்கே அது ரிட்டையர் ஆன பிறகு படித்துத்தான் புரிந்தது.

ஆர்மோனியத்தில் சத்தம் வருவது ரீடில் இருந்து. மெல்லிய பித்தளை நாக்கு, காற்று படும்போது அதிர்கிறது. பைப் ஆர்கனில் நாக்குக்குப் பதில் குழல். புல்லாங்குழலில் ஒரே குழலில் துளைகளை மூடித் திறந்து எல்லாச் சுரமும் வாசிக்கிறோம். ஆர்கனில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனிக்குழல் வேண்டும். குழலின் நீளத்தை இரட்டித்தால் சுரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். ஊதுவது வாயல்ல, துருத்தி. கொல்லன் பட்டறைத் துருத்தியேதான்.

துருத்தி காற்றைச் சேர்க்கிறது. ஒரு பெட்டி அந்தக் காற்றை ஒரே அழுத்தத்தில் நிறுத்தி வைக்கிறது. கட்டையை அழுத்தினால் குழலுக்கு அடியில் ஒரு மூடி திறந்து காற்று போகிறது. டெபாசிட், இருப்பு, பட்டுவாடா. பேங்க் மாதிரிதான். இருப்பில் அழுத்தம் கூடிக் குறைந்தால் சுருதி ஆடிவிடும். மூடியில் மயிரிழை இடைவெளி இருந்தால் யாரும் தொடாமலே குழல் முனகிக்கொண்டிருக்கும்.

இந்த இடத்தில்தான் நம் ஊர் உள்ளே வருகிறது. துருத்தியின் மடிப்பு ஆயிரம் தடவை மடங்கி விரிந்தாலும் காற்று ஒழுகக் கூடாது. மூடி சத்தமில்லாமல் கச்சிதமாக உட்கார வேண்டும். இரண்டுக்கும் காலங்காலமாகப் பயன்படுவது மெல்லிய ஆட்டுத்தோல். தேக்கும் ஈயமும் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், தோல் போனால் ஆர்கன் வெறும் அலமாரிதான். வெளிநாட்டுச் சர்ச்சுகளில் சில பத்தாண்டுகளுக்கு ஒரு முறை பழைய தோலை உரித்துவிட்டுப் புதிதாக ஒட்டுவது ஒரு பெரிய வேலை.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நம்மைச் சுற்றிலும் தோல்தான். ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காயில் முடித்து, ஈ.ஐ. தோல் என்ற பெயரில் இந்தப் பக்கத்துச் சரக்கு அந்தக் காலத்தில் லண்டனுக்குக் கப்பல் ஏறியது. ஈ.ஐ. என்றால் ஈஸ்ட் இந்தியா. பாலாறு அதற்குக் கொடுத்த விலை தனிக்கணக்கு. அதை இன்னொரு கூட்டத்தில் பேசுவோம். நான் சொல்ல வந்தது, அந்தப் பெரியவருக்குத் துருத்தித் தோல் தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. தோல் மண்டியில் கழித்துப் போட்ட வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கி வந்து ஒட்டியிருந்தார்.

யாரும் சொல்லித் தராமல் ஒருவர் ஆர்கன் செய்ய முடியுமா என்று கேட்டால், முதல் ஆர்கனே அப்படிச் செய்ததுதான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாண்டிரியா நகரத்தில் க்டெசிபியஸ் என்று ஒருவர் இருந்தார். முடிதிருத்துபவரின் மகன். அப்பா கடையில் கண்ணாடியை ஏற்றி இறக்க வசதியாக, கயிற்றின் மறுமுனையில் ஓர் ஈயக் குண்டைக் கட்டி ஒரு குழாய்க்குள் ஓட விட்டாராம். குண்டு இறங்கும்போது காற்று நெருங்கி வெளியேறி ஒரு சத்தம் வந்தது. கடையில் இருந்த மற்றவர்களுக்கு அது இரைச்சலாக இருந்திருக்கும். அவர் மட்டும் நின்று கேட்டார். பிறகு தண்ணீரின் கனத்தைக் கொண்டு காற்றை ஒரே அழுத்தத்தில் நிறுத்திக் குழல்களை ஒலிக்க வைத்தார். உலகத்தின் முதல் ஆர்கன் அது. இந்தக் கதையை எழுதி வைத்தவர் விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக் கலைஞர். அவர் எழுதியதால்தான் இன்று வேலூரில் உட்கார்ந்து நாம் அந்தப் பெயரைச் சொல்கிறோம்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கிலும் செயின்ட் ஜார்ஜ் பேராலயத்திலும் பைப் ஆர்கன் உண்டு. அவை பெரியவை. நான் சொல்லப் போவது சின்னது, ஒரு புலியின் வயிற்றுக்குள் அடங்குவது.

திப்புவின் புலி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் திப்பு சுல்தானுக்காகச் செய்யப்பட்ட மரப்பொம்மை. ஆறடிக்குச் சற்றே குறைந்த நீளம். சிவப்புக் கோட்டு போட்ட ஐரோப்பியன் ஒருவன் மல்லாந்து கிடக்கிறான். அவன்மேல் புலி ஏறிக் கழுத்தைக் கவ்வுகிறது. பக்கத்தில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் அவன் கை மேலும் கீழும் அசையும், வாயிலிருந்து ஓலம் வரும், புலி உறுமும். எல்லாம் துருத்தியும் குழலும் செய்கிற வேலை.

பலருக்குத் தெரியாதது, புலியின் விலாவில் ஒரு கதவு இருக்கிறது. அதைத் திறந்தால் உள்ளே நிஜமான பைப் ஆர்கன். பித்தளைக் குழல்கள். வாசிப்பதற்குத் தந்தத்தில் 18 பொத்தான்கள். சுற்றுகிறவர் சுற்ற, இன்னொருவர் உட்கார்ந்து வாசிக்கலாம்.

1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. திப்பு போரில் இறந்தார். அரண்மனையில் வாத்தியங்கள் வைத்திருந்த மண்டபத்தில் இந்தப் புலியைக் கண்டெடுத்து, கும்பினியார் லண்டனுக்குக் கப்பலில் ஏற்றினார்கள். திப்புவின் பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் எங்கே அனுப்பினார்கள்? இங்கேதான், நம் வேலூர்க் கோட்டைக்கு. காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறோமே, அதே அகழிக்கு உள்ளே. திப்பு மகால், ஹைதர் மகால் என்று இன்றும் பெயர் சொல்கிறோம்.

1806 ஜூலை 10ஆம் தேதி என்ன நடந்தது என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நெற்றிக்குறி கூடாது, தாடியை ஒழுங்கு செய், தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று உத்தரவு போட்டார்கள். சிப்பாய்கள் பொங்கி எழுந்தார்கள். 1857க்கு அரை நூற்றாண்டு முன்னால். அதை அடக்கிய பிறகு, திப்புவின் குடும்பத்தை இங்கேயும் வைத்திருக்கப் பயந்து கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். 1808 ஜூலையில் லண்டன் லெடன்ஹால் தெருவில் கம்பெனி அலுவலகத்தின் வாசிப்பறையில் புலியைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அப்பா வீட்டுப் பொம்மை அங்கே, பிள்ளைகள் இங்கே.

அந்த வாசிப்பறையில் நடந்ததைக் கேட்டால் நம் வாட்ஸ்அப் குழு ஞாபகம் வரும். வருகிறவர் போகிறவர் எல்லாம் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி, ஓலமும் உறுமலும் ஓயவே இல்லையாம். படிக்க வந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். மேல்வீட்டு டிரில்லிங் மிஷினைப் பற்றி நாம் போடும் புகார்களைப் போலத்தான். கடைசியில் கைப்பிடி எப்படியோ காணாமல் போனது. யார் எடுத்து ஒளித்தார் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

1880 முதல் அது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் சொத்து. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் கூரை இடிந்து விழுந்து மரக்கூடு நூற்றுக்கணக்கான துண்டுகளாகச் சிதறியது. பொறுக்கி ஒட்டி 1947இல் மறுபடி பார்வைக்கு வைத்தார்கள். நமக்குச் சுதந்திரம் வந்த அதே வருஷம்.

இதையெல்லாம் வருஷம், தேதியோடு சொல்ல முடிகிறது. பிடித்தவர் பெயர், அனுப்பியவர் பெயர், பழுது பார்த்த கம்பெனியின் பெயர் எல்லாம் பதிவில் இருக்கின்றன. செய்தவர் பெயர் மட்டும் இல்லை.

பிரெஞ்சுக் கைவினைஞர்கள் உதவியிருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். இருக்கலாம், 1787இல் பதினாறாம் லூயி மன்னரிடம் தூது அனுப்பிக் கைவினைஞர்களைக் கேட்டவர் திப்பு. ஆனால் அந்த 18 பொத்தான்களைப் படத்தில் பார்த்தபோது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். ஐரோப்பிய ஆர்கனில் வெள்ளையும் கறுப்புமாக நீண்ட கட்டைகள், விரலுக்கு ஏற்ற அளவில், ஒரு மரபுப்படி இருக்கும். புலிக்குள் இருப்பவை சதுரப் பொத்தான்கள். இடைவெளியும் அந்த மரபுப்படி இல்லை. ஐரோப்பாவில் குருவிடம் இருந்து முறையாகத் தொழில் படித்தவர், கை பழகிய கட்டையைத்தான் வைத்திருப்பார். இதைச் செய்தவருக்கு ஆர்கன் எப்படிப் பேசும் என்று தெரிந்திருக்கிறது, அதன் முகம் எப்படி இருக்க வேண்டும் என்ற சட்டம் தெரியவில்லை. அதனால் செய்யச் சுலபமாக, வேலை செய்கிற மாதிரி, தானே ஒன்றை யோசித்து வைத்திருக்கிறார். இது என் ஊகம்தான். ஆனால் கவுண்டரில் நான் பார்த்த பெட்டியின் கட்டைகளும் அப்படித்தான் இருந்தன. ஆர்மோனியக் கட்டையும் இல்லை, ஆர்கன் கட்டையும் இல்லை. அவருடைய கட்டை.

இதற்கு நேர்மாறாக ஒன்றைச் சொல்கிறேன். பிலிப்பைன்ஸ் நாட்டில் மணிலாவை ஒட்டி லாஸ் பினாஸ் என்ற ஊர். அங்கே தியேகோ செரா என்ற ஸ்பானியப் பாதிரியார் 1816இல் ஓர் ஆர்கன் செய்யத் தொடங்கினார். உலோகத்துக்கு எங்கே போவது? ஊரைச் சுற்றி மூங்கில்தான். வெட்டிய மூங்கிலைப் பூச்சி அரிக்காமல் இருக்க மாதக்கணக்கில் மணலில் புதைத்து வைத்தார். 1824இல் முடித்தார். மொத்தம் 1,031 குழல்களில் 902 மூங்கில். நிலநடுக்கம், புயல் எல்லாவற்றிலும் அடிபட்டு அது ஊமையாகிப் போனது. 1973இல் ஜெர்மனிக்கு அனுப்பிச் சரி செய்து 1975இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஊரே திருவிழாவாக வரவேற்றது. இன்றும் வருஷா வருஷம் அதற்கு ஓர் இசைவிழா நடக்கிறது. ஏறக்குறைய அதே காலத்து ஆர்கன்கள்தான் இரண்டும். ஒன்றுக்குச் செய்தவர் பெயர் இருக்கிறது, சொந்தம் கொண்டாட ஓர் ஊர் இருக்கிறது. இன்னொன்றுக்கு இரண்டும் இல்லை.

சரி, கவுண்டருக்குத் திரும்புகிறேன்.

அந்தப் பெரியவர் சுயதொழில் கடன் கேட்டு வந்திருந்தார். மூவாயிரம் ரூபாய். நன்றாகக் காய்ந்த தேக்கும் ஒரு சின்னக் கடைசல் இயந்திரமும் வாங்க வேண்டும். நான்தான் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தேன். 'தொழிற்பயிற்சி பெற்ற இடம், சான்றிதழ் விவரம்' என்று ஒரு கட்டம் வந்தது. சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் பெட்டியைக் காட்டினார். அது இல்லைங்க, பேப்பர் ஏதாவது என்றேன். தலையை ஆட்டினார். 'இல்லை' என்று எழுதினேன்.

"இல்லைன்னா எழுதிட்டீங்க?" என்று கேட்டார். கோபம் இல்லை. சரியாகக் காதில் விழவில்லையோ என்கிற மாதிரி கேட்டார்.

இரண்டு வாரத்தில் விண்ணப்பம் திரும்பி வந்தது. விதிப்படி சரிதான்; மேலே இருந்தவர்கள் பெட்டியைப் பார்க்கவில்லை, என் எழுத்தைத்தான் பார்த்தார்கள். பெட்டியைப் பார்த்தவன் நான். 'பயிற்சி: சுயமாகக் கற்றவர். தாமே செய்த வாத்தியத்தை என் முன்னால் இயக்கிக் காட்டினார்' என்று இரண்டு வரி எழுதியிருக்கலாம். கட்டத்தில் இடம் இருந்தது. எழுதியிருந்தால் கடன் கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம். உண்மையாவது பதிவாகியிருக்கும்.

எனக்கு மாற்றல் வந்தது. பல வருஷம் கழித்து அந்தத் தெருவுக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை. அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம் என்று வாயைத் திறந்தவன், அப்படியே நின்றுவிட்டேன். யார் என்று கேட்பது? அவர் பெயர் எனக்கு ஞாபகம் இல்லை.

யோசித்துப் பாருங்கள். என் கையால் அவர் பெயரை விண்ணப்பத்தில் எழுதியிருக்கிறேன், பதிவேட்டில் எழுதியிருக்கிறேன், திருப்பி அனுப்பிய கடிதத்தில் எழுதியிருக்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் பெயர் எழுதுவதே என் உத்தியோகம். அந்த ஒரு பெயர் மட்டும் எனக்கு இல்லை. திப்புவின் ஆர்கனைச் செய்தவர் பெயரைத் தொலைத்தது கும்பினி என்று குறை சொல்ல எனக்கு என்ன தகுதி? இவர் பெயரைத் தொலைத்தது நான்.

அதனால் இந்தக் கூட்டத்தில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். செலவில்லாத கோரிக்கை, பொருளாளர் பயப்பட வேண்டாம். நம் செய்தி மடலில் காலாண்டுக்கு அரைப் பக்கம் ஒதுக்குங்கள். இந்தக் கட்டடத்தைச் சுற்றி, யாரும் சொல்லித் தராமல் தானே கற்றுக்கொண்ட கைகள் எத்தனையோ இருக்கின்றன. ஜெனரேட்டர் சத்தத்தைக் கேட்டே கோளாறு என்ன என்று சொல்கிறவர் இருக்கிறார். எந்த ஷூவையும் பிரித்துப் பார்த்து அதே மாதிரி தைத்துத் தருகிறவர் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் ஒருவரைப் பற்றி எழுதுவோம். அவர் சம்மதத்தோடு, என்ன செய்வார், எப்படிக் கற்றுக்கொண்டார் என்று அவர் வாயால் கேட்டு எழுதுவோம். எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதுகிறேன். எழுத்து நன்றாக இருக்கும். அதற்கு மட்டும் சம்பளம் வாங்கியிருக்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஒன்று. லண்டனுக்குப் படிக்கப் போகிறவர்கள் சௌத் கென்சிங்டனில் புலியைப் போய்ப் பாருங்கள். போகாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குள் போய் அந்த இரண்டு மகால்களையும் பாருங்கள். வரும் வழியில், வீட்டுக்கு வேலை செய்ய வருகிற ஒருவரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தெரியாவிட்டால் கேளுங்கள். கேட்டதை எழுதி வையுங்கள்.